எண்ணிக்கைக்குள் மறைந்த மார்த்தா

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்

வம்சாவளி ஆராய்ச்சி என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்பதுண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. எந்தக் குலம் உயர்ந்தது, எவருடைய முப்பாட்டனார் எத்தனை காணி நிலம் ஆண்டார் என்று பெருமை பேசிக்கொள்வதற்கே அது பெரும்பாலும் பயன்பட்டு வந்திருக்கிறது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. அமெரிக்காவில் சுதந்திரப் போருக்குத் துணைநின்றவர்களின் வழிவந்த பெண்கள் 1890ஆம் ஆண்டில் ஒரு சங்கமே அமைத்தார்கள். அதில் சேர வேண்டுமாயின் தலைமுறை தலைமுறையாகச் சான்று காட்டித் தம் வேரை நிறுவ வேண்டும். மன்னராட்சியை ஒழித்த நாட்டிலும் வமிசப் பெருமை ஒழியவில்லை என்பது வேடிக்கைதான்!

ஆயினும் இந்தக் கோபத்தில் வம்சாவளியையே அறவே ஒதுக்கிவிட்டால், வரலாற்றிலிருந்து முதலில் காணாமற்போகிறவர்கள் பெண்கள்தாம் என்பது என் கருத்து. போர் செய்தவனுக்குக் கல்வெட்டு உண்டு. வரி கட்டியவனுக்குப் பேரேடு உண்டு. நிலம் வாங்கியவனுக்குப் பத்திரம் உண்டு. வீட்டுக்குள்ளும் அண்டை வீட்டிலும் உழைத்துத் தீர்ந்தவளைத் தேடிப் போக, குடும்ப வழியை விட்டால் வேறு வாயில் மிகக் குறைவு. அந்த வாயில் வழியே எப்படிப் போவது, எங்கே நின்றுவிடக் கூடாது என்பதே கேள்வி. இதற்கு எடுத்துக்காட்டாக ஒரு பெண்மணியின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

அவர் பெயர் மார்த்தா பாலர்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், இன்று மெய்ன் என்று வழங்கும் மாநிலத்தில், கென்னெபெக் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர். அன்று மெய்ன் தனி மாநிலம் அன்று. 1820 வரை மாசசூசெட்ஸின் ஒரு பகுதியாகவே இருந்தது. எல்லைப்புறக் குடியேற்றம் என்றதும் நமக்குத் திரைப்படங்களில் பார்த்த மேற்குப் பாலைவனமும் குதிரை வீரர்களும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எல்லைப்புறம் என்பது கென்னெபெக் கரைக் காடுதான். மரத்தை வெட்டினால் நிலம். ஆற்றை மறித்தால் மர ஆலை. எவருக்கு எல்லை என்ற கேள்வியையும் இங்கே கேட்டுவிட வேண்டும். அபெனாக்கி மக்களுக்கு அது எல்லைப்புறம் அன்று, தாயகம். குடியேறியவர்களின் ஏடுகள் இதை அதிகம் பேசுவதில்லை.

1790இல் அமெரிக்க ஐக்கிய நாடு தன் முதல் மக்கள் தொகைக் கணக்கெடுப்பை நடத்தியது. ஒவ்வொரு வீட்டிலும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் எழுதப்பட்டது. மற்றவர்களுக்கு எண்ணிக்கை மட்டுமே. வெள்ளையரில் ஆண்களைப் பதினாறு வயதுக்கு மேல், பதினாறு வயதுக்குக் கீழ் என்று இரண்டாகப் பிரித்தார்கள். படைக்கும் உழைப்புக்கும் எத்தனை பேர் தேறுவர் என்று அரசுக்குத் தெரிய வேண்டுமல்லவா? பெண்களை அப்படிக்கூடப் பிரிக்கவில்லை. தொட்டிலில் கிடந்த பெண் குழந்தையும் எழுபது வயதுக் கிழவியும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணுக்குள் அடக்கம். ஐம்பத்தைந்து வயதான மார்த்தா அம்மையாருக்கு அந்தக் கணக்கெடுப்பின் விதிப்படி கிடைக்கக்கூடிய இடம், கணவர் எப்ராயிம் பாலர்டின் வீட்டுப் பெண்கள் தொகையில் ஒன்று என்பதே. சுதந்திரமான ஒவ்வொருவரின் பெயரையும் எழுதும் வழக்கம் 1850 கணக்கெடுப்பில்தான் வந்தது. அடிமைகளுக்கு அப்போதும் பெயர் எழுதவில்லை. புள்ளியியல் படிக்கிறவன் என்ற முறையில் எனக்கு எண்கள் மீது பற்று உண்டு. ஆனால் எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்று தீர்மானிக்கிறவர் கையில்தான் அந்த எண்ணின் உண்மை இருக்கிறது.

சரி, குடும்ப வம்சாவளியைத் திறந்து பார்ப்போம். மார்த்தா மூர், பிறப்பு 1735, மாசசூசெட்ஸில் ஆக்ஸ்ஃபர்டு என்னும் ஊர். 1754இல் எப்ராயிம் பாலர்டுடன் திருமணம். பிள்ளைகள் ஒன்பது பேர். 1812இல் மறைவு. அவ்வளவுதான்! எழுபத்தேழு ஆண்டு வாழ்க்கை நான்கு வரியில் முடிந்தது. திருமணத்தோடு மூர் என்ற பெயரும் மறைந்துவிடுவதால், பிறந்த வீட்டை அறியாமல் பாலர்டு குடும்பத்தை மட்டும் ஆராய்கிறவருக்கு இந்த நான்கு வரியில் முதல் வரியும் கிடைக்காது.

ஆனால் இந்த நான்கு வரியையே கூர்ந்து பார்த்தால் சில கதவுகள் திறக்கின்றன. மார்த்தாவின் உடன்பிறந்தவர் ஒருவர் ஹார்வர்டில் படித்துப் பட்டம் பெற்றார். மார்த்தாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆண் கல்லூரிக்குப் போனான், பெண் தறிக்குப் போனாள். சகோதரி டோரதி, ஸ்டீபன் பார்ட்டன் என்னும் மருத்துவரை மணந்தார். அந்த டோரதியின் பேத்திதான் பின்னாளில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை 1881இல் நிறுவிய கிளாரா பார்ட்டன். ஆண் வழியே கோடு போட்டுக்கொண்டு போகிறவருக்கு இந்த உறவு தென்படவே தென்படாது. சகோதரியின் வழியே போனால்தான் மருத்துவமும் பணிவிடையும் அந்தக் குடும்பத்துப் பெண்களிடம் ஊறியிருந்தது விளங்கும்.

இன்னொன்று. ஒன்பது பிள்ளைகளின் பட்டியலில் டோரதி என்ற பெயர் இருமுறை வருகிறது. பார்க்கிறவர் எழுத்துப் பிழை என்று ஒன்றை அடித்துவிடக்கூடும். அது பிழை அன்று. 1769ஆம் ஆண்டுக் கோடையில் ஆக்ஸ்ஃபர்டில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. ஒரு மாதத்துக்குள் மார்த்தா மூன்று பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தார். அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. ஆகஸ்டு மாதம் ஹன்னா பிறந்தாள். 1772இல் பிறந்த அடுத்த மகளுக்கு, இறந்துபோன சிறுமியின் பெயரையே வைத்து டாலி என்று அழைத்தார்கள். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு இடுவது அக்கால வழக்கம். பட்டியலில் இருமுறை வரும் ஒரு பெயருக்குள் எத்தனை பெரிய துயரம் ஒளிந்திருக்கிறது பாருங்கள்!

இதையெல்லாம் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவது மார்த்தா நாட்குறிப்பு எழுதினார் என்பதால்தான். 1777இல் கணவரைத் தொடர்ந்து கென்னெபெக் கரையில் ஹாலோவெல் என்னும் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். 1785 சனவரி முதல் நாளில் தொடங்கி 1812 மே வரை, இருபத்தேழு ஆண்டுகள், ஏறத்தாழ 10,000 நாட்களுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். காகிதத்தை மடித்துத் தாமே செய்துகொண்ட சிறு ஏடுகள். ஓரத்தில் கோடு கிழித்துத் தேதி. பிறகு அன்றைய வானிலை, எங்கே போனார், யார் வந்தார், என்ன வேலை நடந்தது. அழுகை, ஆராய்ச்சி, தத்துவம் எதுவும் அதிகம் இல்லை. ஆனால் குழந்தைகள் இறந்து பதினேழு ஆண்டுகள் கழித்தும், அந்த நாள் வந்தபோது இன்றைக்கு இத்தனை ஆண்டு என்று எண்ணி எழுதியிருக்கிறார். ஒரு தாய் நினைவு வைத்திருந்த கணக்கு அது.

அவர் தொழில் மருத்துவச்சி. எண்ணூறுக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்ததாக நாட்குறிப்பு காட்டுகிறது. ஆற்றைப் படகிலும், குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியின் மீதும் கடந்து போயிருக்கிறார். 1789 ஏப்ரலில் கடும் மழையில் அழைப்பு வந்தது. அலை புரண்ட ஆற்றைப் படகில் கடந்து, அதன் பின் ஓர் ஓடையை மிதந்து வந்த மரக்கட்டைகளின் மேல் நடந்து தாண்டி, பிரசவ வீட்டை அடைந்தார். அப்போது வயது ஐம்பத்து நான்கு! பெண்ணா பையனா, எப்போது பிறந்தது, தாயின் நிலை எப்படி என்பதை எழுதுவார். கூலி வந்து சேர்ந்தால் ஓரத்தில் இரண்டு பெருக்கல் குறி. வழக்கமான கூலி ஆறு ஷில்லிங். பணமாக வராவிட்டால் பண்டமாக வரும். பிரசவம் மட்டுமா? காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் தம் தோட்டத்து மூலிகைகளைக் கொண்டு மருந்து செய்தார். இறந்தவர் உடலைக் குளிப்பாட்டி அடக்கத்துக்கு ஆயத்தம் செய்தார். மருத்துவர்கள் பிண ஆய்வு செய்தபோது உடனிருந்து பார்த்ததையும் எழுதியிருக்கிறார். இடையிலே ஆளி நார் நூற்றல், மகள்களின் தறி, சோப்புக் காய்ச்சல், கோசுக் கன்று நடல், வான்கோழி வளர்ப்பு எல்லாம் உண்டு.

வம்சாவளிக்காரர்களுக்கு மருத்துவச்சியின் ஏடு எவ்வளவு வேண்டியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மணமாகாத பெண் கருவுற்றால், பிரசவ வேதனையின் உச்சத்தில் அவளிடம் தந்தை யார் என்று மருத்துவச்சி கேட்க வேண்டும். அந்த வேளையில் எவளும் பொய் சொல்லமாட்டாள் என்பது அக்கால நம்பிக்கை. குழந்தையின் பராமரிப்புக்குத் தந்தையைப் பொறுப்பாக்க அந்தச் சொல் நீதிமன்றத்தில் செல்லும். 1791இல் சாலி பியர்ஸ் என்னும் பெண்ணுக்கு மார்த்தா பிரசவம் பார்த்தார். வழக்கம்போலக் கேட்டார். சாலி சொன்ன பெயர் ஜோனதன் பாலர்டு. மார்த்தாவின் சொந்த மகன்!

மார்த்தா அதை மறைக்கவில்லை. மற்ற வீட்டுக் குழந்தையின் பிறப்பை எழுதுவதுபோலவே எழுதினார். அடுத்த ஆண்டு ஜோனதன் சாலியை மணந்துகொண்டான். இதைப் படித்தபோது பெரிய நீதிமான்களின் கதைகளைப் படித்தபோது ஏற்படாத மதிப்பு எனக்கு இந்த அம்மையார் மீது ஏற்பட்டது. குடும்ப மானத்துக்காகத் திருமணத் தேதியை முன்னே தள்ளி எழுதிய வம்சாவளிகள் எந்த நாட்டில் இல்லை? இங்கே, தேதியைத் திருத்தியிருக்கக்கூடிய கையே உண்மையை எழுதி வைத்தது.

கணவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவர் ஆலை நடத்தினார். நில அளவையாளராகவும் இருந்தார். நிலமெல்லாம் தங்களுடையது என்ற பெரு உரிமையாளர்களுக்காக அவர் அளந்தார். காட்டைத் திருத்திப் பயிரிட்டிருந்த ஏழைக் குடியேறிகளுக்கு அளவுச் சங்கிலி என்றாலே எரிச்சல். 1795இல் ஆயுதம் தாங்கியவர்கள் அவரைத் தாக்கியதும் உண்டு. பின்னர் வரி வசூலிப்பவராக இருந்து, செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்த இயலாமல் 1804இல் கடனுக்காகச் சிறை சென்றார். ஆண் வழி வரலாறு இதோடு நிற்கும். வெளியே இருந்த எழுபது வயது மனைவி அந்தக் குளிர்காலத்தை விறகுக்குத் தட்டுப்பட்டு எப்படிக் கழித்தார், மகன் குடும்பம் வந்து அவர் வீட்டை எடுத்துக்கொள்ள, அவர் ஓர் அறைக்குள் எப்படி ஒடுங்கினார் என்பதெல்லாம் நாட்குறிப்பில்தான் இருக்கிறது.

1812இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு வரை அவர் பிரசவம் பார்த்தார். செய்தித்தாளில் வந்த மறைவுச் செய்தி எப்ராயிம் பாலர்டின் மனைவி, வயது 77 என்ற அளவில் முடிந்துவிட்டது. அந்த ஊரில் பாதிப் பிள்ளைகளை உலகுக்கு வரவேற்ற கைகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் பெயர் தாங்கிய கல்லறைக் கல்லும் கிடையாது.

நாட்குறிப்பு தப்பிப் பிழைத்த விதம் தனிக் கதை. அரசு காக்கவில்லை, பல்கலைக்கழகம் காக்கவில்லை. மகள் டாலி காத்தாள். டாலிக்குப் பின் அவளுடைய மகள்கள் இருவர் காத்தார்கள். தாள்கள் அவிழ்ந்து முன்பின் கலந்து கிடந்தன. மார்த்தாவின் எள்ளுப் பேத்தி மேரி ஹோபார்ட், பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்து 1884இல் மருத்துவரானார். அந்த ஆண்டில் அந்தப் பாட்டிமார் நாட்குறிப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். உறவுப் பெண் ஒருவர் தாள்களை வரிசைப்படுத்தித் தைத்து, கைத்தறித் துணியால் உறை போட்டார். 1930இல் மேரி ஹோபார்ட் அதை மெய்ன் மாநில நூலகத்துக்கு அளித்தார். நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் பெண்கள் கை மாறிக் காத்த சொத்து அது. நிலமும் ஆலையும் மகன்களுக்குப் போயின. இது மகள்களுக்கு வந்தது. எது நிலைத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலகத்துக்கு வந்த பின்னும் உரிய மதிப்புக் கிடைத்ததா? இல்லை. பார்த்த அறிஞர்களில் சிலர், வீட்டு வேலை விவரங்களே மலிந்த ஏடு என்று புறந்தள்ளினார்கள். உள்ளூர் வரலாறு எழுதியவர்கள் சிறப்பான நிகழ்ச்சிகளை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டார்கள். லாரல் தாட்சர் உல்ரிக் என்னும் வரலாற்றுப் பேராசிரியை எட்டாண்டு அளவுக்கு உழைத்து, அந்தச் சலிப்பூட்டும் விவரங்களையே ஆதாரமாகக் கொண்டு 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டு அதற்கு வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

அவர் செய்ததைத்தான் நான் இங்கே வலியுறுத்த விரும்புகிறேன். நாட்குறிப்பில் பெண்கள் பெரும்பாலும் இன்னாரின் மனைவி என்றே வருகிறார்கள். மார்த்தாவும் தம் அண்டை வீட்டுப் பெண்களைக் கணவர் பெயரால்தான் எழுதினார். காலத்தின் பழக்கம் அவரையும் விடவில்லை. உல்ரிக் அந்தக் குடும்பங்களின் வம்சாவளி, ஊர்ப் பதிவேடு, வரிப் பட்டியல், நீதிமன்ற ஆவணம், உயில் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து, இந்த மனைவி யாருடைய மகள், இந்த வேலைக்காரப் பெண் எந்த வீட்டிலிருந்து வந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். எண்ணவும் செய்தார். பிரசவத்தின்போதே உயிரிழந்த தாய் ஒருவர்கூட இல்லை. பிரசவத்துக்குப் பிந்திய நாட்களில் இறந்தவர்கள் ஐந்து பேர். அக்காலத்துக்கு இது வியப்பூட்டும் கணக்கு. பெண்களை ஒரு கட்டத்துக்குள் திணித்த 1790ஆம் ஆண்டு எண்ணும் எண்தான், இதுவும் எண்தான். இரண்டும் ஒன்றா?

ஆகவே குடும்ப வழியைத் தேடுகிறவர்கள் பிறப்பு, திருமணம், இறப்பு என்ற மூன்று தேதியோடு நிற்கலாகாது. மனைவியின் பிறந்த வீட்டைத் தேட வேண்டும். சகோதரிகள் எங்கே மணமுடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். பழைய பொருள் மகள்கள் வீட்டில்தான் இருக்கும் என்று எண்ணி அங்கே போக வேண்டும். சுதந்திரப் போரில் பங்குகொண்டவர்களின் விதவைகள் ஓய்வூதியம் கேட்டபோது திருமணத்துக்குச் சான்று காட்டவேண்டியிருந்தது. குடும்ப வேதாகமத்தில் பிறப்பு, திருமணம் எழுதியிருந்த தாளையே கிழித்து அனுப்பிய பெண்கள் பலர். அந்தத் தாள்கள் இன்று அமெரிக்க அரசின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டம் மணமாகாத பெண்ணும் விதவையும் 160 ஏக்கர் கோரலாம் என்றது. அதனால் மேற்கு எல்லைப்புறப் பெண்கள் பலரின் பெயர் நிலப் பதிவுகளில் சொந்தப் பெயராகவே கிடைக்கிறது. வலியுறுத்திக் கேட்க வேண்டிய நிலைமை வந்தபோதுதான் பெண்ணின் பெயர் ஏட்டில் ஏறியிருக்கிறது என்பதை இவை காட்டுகின்றன.

எழுதத் தெரிந்த மார்த்தாவுக்கு இது பொருந்தும், எழுதத் தெரியாதவளுக்கு என்ன வழி என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்திருக்கும் என்னைப் போன்றவர்களின் வீடுகளில் பெட்டியைத் துழாவினால் நாட்குறிப்பா கிடைக்கும்? எத்தனை பிரசவம் பார்த்தோம் என்ற கணக்கு, பார்த்த பாட்டியோடு போய்விடும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு. எழுதத் தெரிந்தவர்கள் அந்த வீடுகளில் இப்போது இருக்கிறோம்.

மார்த்தாவின் ஏட்டிலேயே இந்தக் குறை தெரிகிறது. 1790களில் ஹாலோவெல் பக்கத்தில் வைத்தியம் செய்த ஒரு கறுப்பினப் பெண்மணி அதில் ஓரிடத்தில் வருகிறார். மார்த்தாவைப் போலவே நோயாளிகளைத் தேடிப் போனவர். என்ன மருந்து கொடுத்தார், எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்பது அதில் இல்லை. நீக்ரோப் பெண் வைத்தியர் என்று மட்டும் மார்த்தா எழுதியிருக்கிறார், பெயர் எழுதவில்லை.